குப்பிக்குப் போகாதவன்

"ஒரு மாணவன் கல்லூரியில் தோற்றுப்போவதற்கு உலகத்தில் ஒரேயொரு காரணம்தான் இருக்கிறது. அவன் கேள்வி கேட்கிறான்."

மாம்புரி மத்ரஸா மண்டபத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு அஸ்ஹான் இதைச் சொன்னபோது அவன் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. நோயாளியிடம் வியாதியின் பெயரைச் சொல்லும் டொக்டரின் முகம் அது. பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்த ஆண்கள் தலையாட்டினார்கள். மண்டபத்தைக் குறுக்கே பிரித்துக் கட்டியிருந்த பச்சைத் திரைக்கு அப்பால், பெண்கள் பக்கமும் அமைதியானது.

அதுவரை மேடைத் தமிழில் வந்த பேச்சு, அமைதியைக் கண்டதும், இருக்கு என்பது ஈக்கியாகவும் சொல்லு என்பது செல்லாகவும் வரும் ஊர்த் தமிழுக்கு இறங்கியது.

"நல்லா யோசிச்சுப் பாருங்க. கேக்காத வரைக்கும், ஒங்களுக்குத் தெரியாது எண்டது ஒங்களுக்கு மட்டும்தான் தெரியும். கேட்டா படிச்சுக் குடுக்கிற சேருக்குத் தெரியும். பக்கத்துல ஈக்கிறவனுக்குத் தெரியும். அந்திக்குள்ள கென்டீன்காரனுக்கும் தெரிஞ்சிரும். வாய மூடிக்கொண்டு மெதுவாத் தலையாட்டினா, இவனுக்கு எல்லாம் தெரியும் போல எண்டு சேரே நம்மளப் பாத்துப் பயப்படுவார்."

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்து, மேலே படிக்கத் தெரிவான பிள்ளைகளின் பெயர் தெரிந்ததும், ஊர் இளைஞர் கழகம் அவர்களைக் கூட்டிவைத்து ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒருவரைக் கொண்டு புத்தி சொல்ல வைப்பது வழக்கம். பாலாவியில் உப்பளத்தை ஒட்டியிருக்கும் கல்லூரியில் முகாமைத்துவ டிப்ளோமா படிக்கும் அஸ்ஹானைக் கழகத் தலைவர் ஹிஸ்புல்லா வீடு தேடி வந்து அழைத்தார். உம்மா ஹிதாயாவின் முன்னால் வைத்துத்தான் அழைத்தார். மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். கேள்விகளின் மேல் அஸ்ஹானுக்கு இருந்த வெறுப்புக்கு இதுவும் ஒரு காரணம்.

ஏனென்றால் உண்மை இப்படி இருந்தது: புள்ளிவிபரவியல் பாடத்தில் அஸ்ஹான் இரண்டு தடவை தோற்றவன். மூன்றாவது தடவைக்கான பரீட்சை வருகிற வெள்ளிக்கிழமை. அதுவும் போனால் பதிவு ரத்து, பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான். கல்லூரி விதிகளில் ஒருவரிடமும் கேட்காமலே அவனுக்கு விளங்கிய ஒரே விதி அது. வீட்டில் யாருக்கும் இது தெரியாது. தெரியாமல் இருப்பதற்காகத்தான் இந்த மேடை, இந்த முகம், இந்தக் குரல் எல்லாம்.

"ரெண்டாவது, முதல் வரிசை. அங்க ஒருநாளும் இருக்கப் போகாதீங்க. எங்கட கல்லூரில ஒரு பிள்ள ஈக்கி. பேர் வேணாம். முதல் வரிசைல நடுக் கதிரைல இருந்துகொண்டு, சேர் ஒரு வரி எழுதினாக் கையத் தூக்குவா." அஸ்ஹான் ஒரு கையை உயர்த்தி, மூக்கால் பேசினான். "'சேர், எனக்கு வெளங்கல்ல. இன்னொருக்கா செல்லுங்க.'"

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. திரைக்கு அப்பாலிருந்தும் சிரிப்பு வந்தது. பேச்சாளருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. சிரிப்பின் அளவை வைத்து மதிப்பிட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

"மூணாவது, குப்பி." பரீட்சை நெருங்கும்போது, பாடம் விளங்கிய ஒருவர் விளங்காத மற்றவர்களை இருத்திவைத்துச் சும்மா சொல்லிக்கொடுப்பதற்குக் கல்லூரியில் குப்பி என்று பெயர். ஏன் அந்தப் பெயர் என்று அஸ்ஹான் யாரையும் கேட்டதில்லை. "குப்பிக்குப் போறவன் பரீட்சைக்கு முந்தியே தோத்தவன். தன்னட வயசுக்காரன் தனக்குப் படிச்சுக் குடுக்கிறத வாயப் பொளந்து பாத்துக்கொண்டு இருக்கிறதவிட, களப்புல எறங்கி றால் புடிக்கலாம்."

கைதட்டல் ஓய்ந்ததும் ஹிஸ்புல்லா எழுந்து, கேள்விகள் இருந்தால் கேட்கலாம், தாய்மாரும் சகோதரிகளும்கூடக் கேட்கலாம் என்றார். ஒருவரும் கேட்கவில்லை. அறிவுரை அந்த அளவுக்கு வேலை செய்திருந்தது. ஹிஸ்புல்லாவுக்கு அது கொஞ்சம் சங்கடமாக இருந்தது. "ஒரு கேள்வியாச்சும் ஈந்தா நல்லம்" என்றார், கெஞ்சுவது போல.

"நானா, நான் கேக்கலாமா?"

திரைக்கு அப்பாலிருந்து, அண்ணனைக் கூப்பிடும் முறையில் வந்த அந்தக் குரல் கேட்டதும் அஸ்ஹான் ஒலிவாங்கியை மற்றக் கைக்கு மாற்றினான். மூக்கால் பேசும் குரல் இல்லை அது. தெளிவான, அவசரமில்லாத குரல். இரண்டாம் தடவை தோற்ற பிறகு, அவனுக்கு அடுத்த வருடத்துப் பிள்ளைகளோடு பின்வரிசையில் இருந்து அவன் தினமும் கேட்ட குரல். கரைத்தீவு ஸஃப்னா. முதல் வரிசை, நடுக் கதிரை. மாம்புரியில் கல்யாணம் முடித்திருக்கும் மூத்த சகோதரியைப் பார்க்க வந்தவள், வந்த வீட்டாரோடு இங்கேயும் வந்திருக்கிறாள் என்பது பிறகுதான் அவனுக்குத் தெரியவந்தது.

"கேளுங்க மகள்" என்றார் ஹிஸ்புல்லா, பெரிய நிம்மதியோடு.

"கேக்காமலே வெளங்கிக்கொள்ளலாம் எண்டு நானா செல்றாங்க. எப்பிடியெண்டு ஒரு உதாரணம் செல்லலாமா? புள்ளிவிபரவியல்ல நியம விலகல் எண்டு ஒண்டு ஈக்கி. அத நானா எப்பிடி வெளங்கிக்கொண்டாங்க?"

புதிய மாணவர்கள் அஸ்ஹானைப் பார்த்தார்கள். ஹிஸ்புல்லா பார்த்தார். வாப்பா ஜபார், கடற்களப்பில் மீன்பிடித்துவிட்டு நேரத்தோடு வந்து குளித்து, மகன் பேசுவதைக் கேட்கவென்று மூன்றாவது வரிசையில் இருந்தவர், இப்போது முன்னால் சாய்ந்து பார்த்தார்.

"அது வந்து... தனிய இருந்து யோசிக்கணும்" என்றான் அஸ்ஹான். "யோசிச்சா வெளங்கும்."

"எனக்கு வெளங்கல்ல" என்றது திரை. "இன்னொருக்கா செல்லுங்க."

மண்டபம் மறுபடியும் சிரித்தது, அவனது பகிடியைத்தான் அவள் திருப்பிச் சொல்கிறாள் என்று நினைத்து. அஸ்ஹானும் சிரித்தான். முதுகில் சேர்ட் ஒட்டிக்கொண்டது. அந்த நேரம் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். வாழ்நாளில் எந்தப் பாங்கையும் அவன் அவ்வளவு உள்ளன்போடு கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்தால் அங்கே இன்னொரு வியாதி காத்திருந்தது. தங்கச்சி மபாஸாவும் அதே கல்லூரிக்கு, அதே டிப்ளோமாவுக்குத் தெரிவானவள். திரைக்குப் பின்னால் இருந்து நானாவின் பேச்சை முழுவதும் கேட்டவள். பேசத் தொடங்கிய நாள் முதல் அந்த வீட்டில் கேள்வி கேட்பதையே தொழிலாக வைத்திருந்தவள் அவள். மீனுக்கு ஏன் கண்ணை மூட முடியாது, காற்றாலை இறக்கை ஏன் மூன்று, கந்தூரிச் சோற்றுக்கு மட்டும் ஏன் அந்த மணம் என்று உம்மாவின் உயிரை வாங்கியவள்.

"நானா, நான் இனிக் கேக்கவே மாட்டேன்" என்றாள் அவள், நோன்புக்கு நிய்யத்து வைப்பது போல. "முதல் வரிசைல இருக்க மாட்டேன். குப்பிக்குப் போக மாட்டேன்."

"நல்லதா செஞ்சீங்க மகன்" என்றார் உம்மா. "இவட வாய அடக்க என்னால ஏலாமப் போச்சு."

அஸ்ஹான் அறைக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்தான். தனிய இருந்து யோசித்தான். சனி முழுவதும் யோசித்தான், ஞாயிறும் யோசித்தான். குறியீடுகள் ஒன்றின் தலையில் ஒன்று ஏறி நின்றுகொண்டு அவனைப் பார்த்தன. பிறகு புத்தகத்தை மூடி, கைகால் கழுவி வுழூச் செய்து, இரண்டு ரக்அத் தொழுதான். துஆவில் என்ன கேட்பதென்று தெரியவில்லை. வினாத்தாளையா, மூளையையா, கடலில் ஒரு நல்ல புயலையா? கடைசியில் ஒன்றும் கேட்காமலே எழும்பினான்.

திங்கட்கிழமை மபாஸாவுக்கு முதல் நாள். புதிய மாணவர்களுக்கான அறிமுக வாரம் தொடங்குகிறது. அண்ணனும் தங்கையுமாகக் கற்பிட்டி பஸ்ஸில் பாலாவிக்கு வந்து இறங்கினார்கள். கல்லூரி வாசலில் அவளை விட்டுவிட்டு, தனக்கு வேலை இருப்பதாகச் சொல்லி, அவன் சந்திக்குத் திரும்பி நடந்தான். றிஸ்மினைத் தேடி.

றிஸ்மின் எத்தாளை ஊர்க்காரன். அஸ்ஹானோடு ஒரே நாளில் கல்லூரிக்கு வந்தவன், பின்வரிசையில் பக்கத்துக் கதிரைக்காரன், அஸ்ஹான் எழுதாமல் விட்ட ஒரு தடவையையும் எழுதி, புள்ளிவிபரவியலில் மூன்றாவது தடவையும் தோற்று, போன வருடம் பதிவு ரத்தானவன். ஆனால் அவனது வீட்டைப் பொறுத்தவரை அவன் இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறான். காலையில் பையோடு பஸ் ஏறுவான். பாலாவிச் சந்தியில் இறங்குவான். தேத்தண்ணிக் கடையின் மூலையில் இருப்பான். கல்லூரி விடும் நேரத்து பஸ்ஸில் வீட்டுக்குப் போவான்.

"பாடமெல்லாம் எப்பிடிப் போகுது?" என்றான் அஸ்ஹான், எதிரில் இருந்து.

"பேப்பர் படிக்கிறன். இப்ப சிங்களப் பேப்பரும் ஓடுது." றிஸ்மின் சிரிக்காமல் சொன்னான். அஸ்ஹானுக்கு அந்த முகத்தைக் கற்றுக்கொடுத்தவனே அவன்தான். "உம்மா இது கடைசி வருஷம் எண்டு ஊரெல்லாம் செல்லிட்டா. பட்டமளிப்புக்கு உடுக்க எண்டு சாரி எடுத்து அலுமாரில வச்சீக்கா."

"ஊட்டுல எப்ப செல்லப் போறாய்?"

"அவங்க கேட்டா செல்லுவன். கேக்கிறாங்க இல்ல."

கடைக்கார லாபிர் காக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். றிஸ்மினுக்குச் சொல்லாமலே பாணும் சம்பலும் வந்தன.

"ரெண்டாந்தரம் தோத்த நேரம் குப்பிக்குப் போகப் பாத்தன்" என்றான் றிஸ்மின், பாணைப் பிய்த்துக்கொண்டே. "வாசல் வரைக்கும் போனன். நீ கென்டீன்ல இருந்து பாத்திட்டு, 'மத்ரஸா ஹஸரத்து ஓதிக் குடுக்கிறாரா மச்சான்' எண்டு கேட்டாய். ஞாபகம் ஈக்கா?"

"இல்ல" என்றான் அஸ்ஹான். ஞாபகம் இருந்தது.

"நல்ல பகிடி. நானும் சிரிச்சிட்டுத்தான் திரும்பி வந்தன்." குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. கோபம் இருந்திருந்தால் அஸ்ஹானுக்குப் பதில் சொல்ல வந்திருக்கும். றிஸ்மின் எழுந்து, சுவரோரம் இருந்த வெறும் கதிரையை இழுத்துத் தன் கதிரையோடு சேர்த்துப் போட்டான். "வெள்ளிக்குப் பொறகு நீயும் வருவாய்தானே? இதுல இரி. றோட்டால போற ஊராக்களுக்கு இந்த மூல தெரியாது. பாத்து வச்சீக்கிறன். தனிய இருக்கிறதுதான் மச்சான் கஷ்டம். ரெண்டு பேரெண்டாப் பொழுது போயிரும்."

கிண்டல் இல்லை அது. அவன் உண்மையாகவே ஆசைப்பட்டான். அதைப் பார்த்ததும் அஸ்ஹான் தேத்தண்ணிக் காசை மேசையில் வைத்தான். தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்து வெளியே வந்தான். உப்பளத்துப் பக்கமிருந்து வெயில் கண்ணில் அடித்தது. எங்கே போவதென்று தெரியாமல், தெரியாததை யாரிடமும் சொல்லவும் முடியாமல், புதிதாக வந்தவன் போலக் கல்லூரி மதிலைச் சுற்றி நடந்தான். விரிவுரைக்குப் போனான். தலையாட்டினான். சேர் அவனைப் பார்த்துப் பயந்ததாகத் தெரியவில்லை.

பின்னேரம் பெரிய மண்டபத்து வாசலில் மபாஸா நின்றாள். முகம் வெளுத்திருந்தாலும் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"எப்பிடி?"

"நல்லம் நானா. ஒருத்தரையும் ஒண்டும் கேக்கல்ல."

"எந்த ஹோல்ல ஈந்தாய்?"

"இதுலதான்."

அஸ்ஹான் மண்டபக் கதவைப் பார்த்தான். "இது சிங்கள மொழிக்காரங்களுக்கு. தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பின்னால, களப்புப் பக்கத்து ஹோல்."

"ஓம். காலைல பேசத் தொடங்கின ஒடனே வெளங்கிட்டு."

"வெளங்கிட்டா எழும்பி வரவேண்டியதுதானே."

"வந்தாலும் மத்த ஹோல் எங்க எண்டு ஆரையாச்சும் கேக்கணுமே." அவள் பொறுமையாக விளக்கினாள். "அதனால இருந்திட்டேன். அந்தியாகும் வரைக்கும். நீங்க செல்லித் தந்த மாதிரியே மெதுவாத் தலையாட்டிக்கொண்டு ஈந்தேன். அதப் பாத்திட்டு அந்த மெடம் என்னைக் குழுத் தலைவியாப் போட்டுட்டா. எண்ட குழுவுல ஈக்கிறவங்க எல்லாரும் என்னமோ கேட்டாங்க. தலையாட்டினேன். நாளைக்கு நான் எதையோ கொண்டு வரணும் போல. என்ன எண்டு தெரியாது."

அஸ்ஹானுக்குச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. அவன் உண்டாக்கிய பகிடிகளிலேயே இதுதான் சிறந்தது. ஆனால் மபாஸா தாவணி நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். விரல் நுனி நீலமாகியிருந்தது.

"நானா, மூணு வருஷமும் இப்பிடியே இருக்க ஏலுமா?" என்றாள். உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள். "மன்னிச்சிருங்க. கேட்டுட்டேன்."

அவன் அவளது விரலிலிருந்து தாவணியை அவிழ்த்துவிட்டான். பதில் சொன்னால் நின்ற இடத்திலேயே அழுதுவிடுவான் என்று தோன்றியது. மாம்புரியின் அறிவாளி தங்கச்சியின் முன்னால் அழுவதைக் கென்டீன் முழுவதும் பார்க்கும்.

"வா" என்றான் கடைசியில். "எனக்கொரு வேல ஈக்கி. கொஞ்ச நேரம்தான்."

களப்புப் பக்கத்துக் கடைசி வகுப்பறையில் குப்பி நடந்துகொண்டிருந்தது. பையன்கள் ஒரு பக்கம், பெண் பிள்ளைகள் ஒரு பக்கம். பலகைக்கு முன்னால் ஸஃப்னா, கையில் தேய்ந்த பலகைப் பேனாவோடு. கதவருகில் அஸ்ஹான் நின்றதும் பையன்களில் இரண்டு பேர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். அவன் எல்லோருக்கும் பகிடிக்குப் பேர்போன சீனியர். ஏதோ சொல்லப் போகிறான் என்று அவர்களின் முகம் சிரிப்புக்குத் தயாரானது.

அவன் நேரே உள்ளே போய்ப் பின்வரிசையில் இருந்தான். மபாஸா கதவுக்கு வெளியே நின்றாள்.

"பின்னால வெளிச்சம் அடிக்கும் நானா" என்றாள் ஸஃப்னா, திரும்பாமலே. "பலகை தெரியாது. முன்னுக்கு வாங்க. நடுக் கதிரை இன்டைக்குச் சும்மாதான் ஈக்கி. அதுல இருக்கிறவ நிண்டுகொண்டீக்கா."

வகுப்பு சிரித்தது. அஸ்ஹான் எழுந்து முன்னால் போனான். நடக்கும்போது காது மடல் இரண்டும் எரிந்தன. நடுக் கதிரையில் இருந்தான்.

அவள் பலகையில் இரண்டு வள்ளங்களை வரைந்திருந்தாள். "ரெண்டு வள்ளத்துக்கும் கிழமைல ஏழு நாளும் பிடிச்ச மீன்ட இடை, அதான் சராசரி, ஒண்டுதான். ஒண்டு ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரிக் கொண்டுவரும். மத்தது ஒரு நாள் நெறைய, மத்த நாள் வெறும் வலை. இடைய மட்டும் பாத்தா ரெண்டும் ஒண்டு. ஆனா ஊட்டுல ஈக்கிற பொம்பளைட்டக் கேட்டுப் பாருங்க, ரெண்டும் ஒண்டா எண்டு. அந்த வித்தியாசத்த அளக்கிறதுதான் நியம விலகல்."

இரண்டாவது வள்ளம் வாப்பாவுடையது. அது அஸ்ஹானுக்கு உடனே விளங்கியது. ஸஃப்னா தொடர்ந்தாள்: ஒவ்வொரு நாளும் இடையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று எடுங்கள், அதை அதாலேயே பெருக்கி வர்க்கியுங்கள், கூட்டுங்கள். பேனா ஓடியது. "வெளங்கிச்சா?"

"ஓம்" என்றார்கள் எல்லோரும்.

அஸ்ஹானின் தலை தன்பாட்டில் ஆடத் தொடங்கியது. பழகிய தலை. மெதுவாக, கனமாக, எல்லாம் தெரிந்தவனைப் போல. அப்படி ஆடிக்கொண்டிருக்கும்போதே கதவுப் பக்கம் பார்த்தான். வெளியே மபாஸாவும் அவனைப் பார்த்துக்கொண்டு, அதே வேகத்தில், அதே கனத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

அவன் தலை நின்றது. கை மேலே போனது. முழுவதும் போகவில்லை, தோளுயரம் வரை.

"ஏன் வர்க்கிக்கிறது?" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டான். "விலகினதச் சும்மா கூட்டினாப் போதாதா? அது எனக்கு... முதலாம் வருஷத்துல இருந்தே தெரியாது."

பின்னால் ஒருவன் சிரித்தான். மற்றவர்கள் சிரிக்கவில்லை. ஓம் சொன்னவர்களில் பாதிப் பேர் பேனாவை எடுத்துக்கொண்டு முன்னால் குனிந்தார்கள்.

ஸஃப்னா அவனை ஒரு கணம் பார்த்தாள். சொல்வதற்கு அவளிடம் நிறைய இருந்திருக்கும். பலகையின் பக்கம் திரும்பினாள். "சும்மா கூட்டினா, கூடினதும் கொறஞ்சதும் ஒண்ட ஒண்டு தின்னுரும். கடைசில பூச்சியம்தான் வரும். வர்க்கிச்சா கொறஞ்ச பக்கத்து மறை எண் எல்லாம் நேராகிரும்" என்று பலகையில் எழுதிக் காட்டினாள். "இப்ப வெளங்கிச்சா நானா?"

பாதி விளங்கியிருந்தது. மற்றப் பாதி நழுவியது. வெள்ளிக்கிழமைக்கு அது போதுமா என்று அவனுக்குத் தெரியவில்லை. கதவுக்கு வெளியே நின்ற மபாஸா உள்ளே வந்து, பெண் பிள்ளைகள் பக்கம் ஒரு கதிரையின் நுனியில் இருந்தாள்.

"வெளங்கல்ல" என்றான் அஸ்ஹான், மெதுவாக. "இன்னொருக்கா செல்லுங்க."

ஸஃப்னா பலகையைத் துடைத்துவிட்டு முதல் வள்ளத்திலிருந்து தொடங்கினாள்.